ஏழாவது புத்தகத்தின் கடைசிப் பக்கம்

நடந்தவை இவை:

1. ஏழாவது புத்தகத்துக்கு நேரே இருந்த கட்டத்தில் ‘ஆம்’ என்று நான் நிரப்பினேன்.
2. அக்கா அதை நம்பினார்.
3. முப்பத்தொன்பது மாலைகள் அந்தக் கதையைத் தன் மகளுக்குப் போனில் சொன்னார்.
4. நாற்பதாவது மாலை கதை முடிந்தது.
5. அதன் பிறகு பதினொரு நாள் மகள் போனை எடுக்கவில்லை.
6. அந்தப் பதினொரு நாளுக்குள் ஒரு மின்னஞ்சல் வந்தது. அக்கா அதைத் திறக்கவில்லை.

மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. நடந்ததை வரிசையாக எழுதினால் பிழை எந்த இடத்தில் நுழைந்தது என்று தெரிந்துவிடும். இங்கே அது முதல் வரியிலேயே இருக்கிறது. ஆனால் ஒரு கட்டத்தில் எழுதிய ஒரு சொல் எப்படி இவ்வளவு செய்யும் என்பது அக்காவைத் தெரிந்தால்தான் புரியும்.

நான் கோயம்புத்தூரிலிருந்து மெல்பர்னுக்கு வேலைக்கு வந்த புதிதில் டண்டினொங்கில் ஒரு வீட்டில் அறை எடுத்தேன். அடுத்த அறையில் அக்கா இருந்தார். வவுனியாக்காரர். மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் தொழிற்சாலையில் வேலை. பத்து வருடங்களுக்கு முன் நாலு வயது மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டுப் படகில் வந்தவர். ஏன் வந்தார் என்று நான் கேட்டதில்லை. பின்னால் அதை முப்பத்தொரு பக்கங்களில் வாசிக்க நேர்ந்தது.

குடியேறிய முதல் வாரம் என் அறை வாசலில் நின்று புத்தக அடுக்கைப் பார்த்தார். ஒரே எழுத்தாளரின் பதினாலு மாயக்கதைப் புத்தகங்கள். கல்லூரி நாளிலிருந்து நான் அந்த எழுத்தாளரின் பைத்தியம். அக்கா அவற்றில் இரண்டைப் பழைய பொருள் விற்கும் கடையில் வாங்கி, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்திருந்தாராம். அவருடைய ஆங்கிலத்தில் பாதி அங்கே கற்றதுதான். உள்ளே வந்தார், மூன்றாவதை உருவினார், திருப்பிப் பிடித்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். நின்றபடியே உதடு அசைய வாசிக்கத் தொடங்கினார்.

“அக்கா! கடைசிப் பக்கத்தப் பாக்காதீங்க!”

“ஏன், கடிக்குமோ?”

“முடிவு தெரிஞ்சிட்டா அப்புறம் என்ன சுவாரசியம் இருக்கு?”

“முடிவு தெரியாம இருக்கிறதில என்ன சுவாரசியம் எண்டு நீர் எனக்குச் சொல்லும். நான் பத்து வருசமா இருந்து பாத்திட்டன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். புத்தகத்தை இருந்த இடத்திலேயே செருகினார். “இந்தக் கதையில அம்மா திரும்பி வரமாட்டா. இது இங்கயே கிடக்கட்டும்.”

அந்தப் புத்தகங்களில் ஒரே ஒரு நதி உண்டு. சில தலைமுறைக்கு ஒருமுறை அது தடம் மாறும். மாறும்போது தன்மேல் இருக்கும் ஓடக்காரர்களையும் கொண்டுபோய்விடும். எந்தக் கரையில் இறக்கிவிடும், எத்தனை வருடம் கழித்து என்பது எவருக்கும் தெரியாது. ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு குடும்பம், அதில் அம்மா போகிறாள், மற்றவர்கள் கரையில் நிற்கிறார்கள். எந்தப் புத்தகத்தை முதலில் எடுத்தாலும் கதை புரியும் என்பதால் அடுத்து எதை வாசிப்பது என்பதில் வாசகர்கள் இரண்டு கட்சி. வெளியான வரிசைதான் சரி என்பார்கள் சிலர். கதைக்குள் ஓடும் காலத்தின் வரிசை என்பார்கள் மற்றவர்கள். இணையத்தில் இதற்காக உறவே முறிந்திருக்கிறது. நான் முதல் கட்சி.

“நீர் எந்த ஒழுங்கில வாசிச்சனீர்?” என்று அக்கா ஒருநாள் கேட்டார்.

“வெளியான வரிசையிலக்கா. அதுதான் சரி.”

“ஆருக்குச் சரி?”

அக்காவின் ஒழுங்கு வேறு. அம்மா திரும்பி வருகிற புத்தகங்கள் மட்டும். மற்றவை அவருக்கு வேண்டாம்.

எதையும் அவர் முடிவிலிருந்துதான் தொடங்குவார். மின்சாரக் கட்டணக் கடிதத்தைக் கடைசித் தாளிலிருந்து பிரிப்பார். டண்டினொங் நிலையத்தைத் தாண்டியதும் ரயில்பாதை இரண்டாகப் பிரியும். ஒருமுறை மாறி ஏறி, கிரான்பர்னுக்குப் போக வேண்டியவர் பாக்கனத்தில் இறங்கி நின்றிருக்கிறார். அன்றிலிருந்து பலகையில் கடைசி நிலையத்தின் பெயரை வாசிக்காமல் ரயிலில் கால் வைத்ததில்லை. பலகை வேலை செய்யாத நாளில் இரண்டு ரயிலைப் போகவிட்டு மூன்றாவதில் ஏறியதை நானே பார்த்தேன். வேலைக்கு அரைமணி தாமதம். “பிழையான இடத்துக்கு நேரத்துக்குப் போய் என்ன செய்ய?” என்றார்.

ஒன்றின் முடிவை மட்டும் அவர் தெரிந்துகொள்ளமாட்டார். அவருடைய விசா வழக்கு மீளாய்வு மன்றத்தில் இருந்தது. அங்கேயிருந்தோ வழக்கறிஞரிடமிருந்தோ எண் காட்டாத அழைப்பு வந்தால், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அது அடங்கும்வரை அரிசி களைவார்.

மாலை எட்டு மணிக்குக் குசினியில் மிளகாய்த்தூள் டின்னில் போனைச் சாய்த்து வைப்பார். வவுனியாவில் அப்போது பள்ளிக்கூடம் விட்டு மகள் வந்திருப்பாள். வீடியோவை அவள் போடமாட்டாள். டேட்டா முடிந்துவிடுமாம். குரல் மட்டும்தான். ஒரு கையில் அகப்பை, மறுகையில் புத்தகம். ஆங்கிலத்தில் விரல் ஓடும், வாயில் தமிழ் வரும். பனிக்காடு வன்னிக்காடாகும். சத்திரம் சாப்பாட்டுக் கடையாகும்.

“மந்திரவாதி களைச்சுப்போய் வந்து பிளேன் ரீ குடிச்சார்.”

“அம்மா, மந்திரவாதி பிளேன் ரீ குடிக்கிறவரோ?”

“எங்கட மந்திரவாதி குடிப்பார். சீனி போடாம.”

மகள் சிரிப்பது குசினி முழுக்கக் கேட்கும். அந்தச் சிரிப்புக்காக நான் எட்டு மணிக்கு வெங்காயம் உரிக்கப் போய் உட்கார்ந்த நாட்கள் உண்டு.

ஏன் அம்மா வருகிற புத்தகங்கள் மட்டும் என்பது அங்கே எனக்குப் புரிந்தது. அவற்றை அக்கா தனக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. அம்மா வராத ஒரு கதையை அந்தக் குழந்தைக்கு அவர் வாயால் சொல்ல முடியாது.

அதனால்தான் அட்டவணை போட்டுக் கொடுத்தேன். பதினாலு வரிசை. முதல் கட்டத்தில் எண், அடுத்ததில் பக்கங்கள், மூன்றாவதில் யார் இறக்கிறார்கள், நான்காவதில் ‘அம்மா திரும்பி வருகிறாளா?’ நான்காவதை அழுத்தினால் ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு மட்டும் இறங்கி வரும். வேறெதுவும் எழுத முடியாதபடி பூட்டிவைத்தேன். தரவு அப்போதுதான் சுத்தமாக இருக்கும். அக்காவுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. அச்சடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டினார். அந்த ஒழுங்கில் இரண்டாவது, ஐந்தாவது, பத்தாவது என்று கதைகள் போயின.

ஏழாவது என் உயிர்ப் புத்தகம். பத்தொன்பது வயதில் விடுதியில் போர்வைக்குள் வாசித்து முடித்தது. கடைசிப் பக்கத்தில் மழையில் அம்மா படித்துறைக்கு வருகிறாள். வருகிறாள் என்பது உண்மை. அதற்குப் பிறகு நாலு வரி இருக்கிறது. ‘ஆம்’ அழுத்தும்போது அந்த நாலு வரி நினைவுக்கு வந்தது. என் கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று முடிவு செய்தேன். கேள்வி, வருகிறாளா என்பது. வருகிறாள். விடை சரி.

அதோடு விடவில்லை. “இந்த ஒண்ணுக்கு மட்டும் கடைசிப் பக்கம் பாக்காதீங்கக்கா. நான் பாத்துட்டேன்ல? வர்றாங்க,” என்றேன். கடைசிப் பத்துத் தாள்களைச் சேர்த்துக் கறுப்புக் கிளிப் ஒன்றை மாட்டிக் கொடுத்தேன்.

அக்கா அந்தக் கிளிப்பை நகத்தால் தட்டிப் பார்த்தார். “என்னைச் சோதிக்கிறீர், என்ன?” என்றார். கழற்றவில்லை. முப்பத்தொன்பது மாலைகளும் அது அங்கேயே இருந்தது.

நாற்பதாவது மாலை நானும் குசினியில் இருந்தேன்.

“கெதியாச் சொல்லுங்கோ அம்மா, ரியூஷனுக்குப் போகவேணும்,” என்றாள் மகள்.

அக்கா கிளிப்பைக் கழற்றி மேசையில் வைத்தார். கதையில் மழை பெய்தது. ஓடம் வந்தது. அம்மா படித்துறையில் கால் வைத்தாள். அங்கே ஓடத்தோடு நின்றிருந்தவள் மகள். வளர்ந்து அவளே ஓடக்காரியாகியிருந்தாள். அக்காவின் விரல் அடுத்த வரிக்குப் போனது. அங்கேயே நின்றது.

என் கை வெங்காயத்தின்மேல் நின்றது. அந்த வரிகள் எனக்கு மனப்பாடம். மகள் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறாள். கூலிக்காகக் கையை நீட்டுகிறாள். ‘எந்தக் கரைக்கு?’ என்று கேட்கிறாள். வழிப்போக்கர்களிடம் கேட்பதுபோல. அவ்வளவுதான் புத்தகம்.

“அம்மா? லைன் அறுந்துபோட்டுதோ?”

“இல்லை, இருக்கிறன்.” அக்கா வரியிலிருந்து விரலை எடுத்தார். “மகள் ஓடி வந்து அம்மாவைக் கட்டிப்பிடிச்சாள். ரெண்டு பேரும் அழுதினம். பிறகு வீட்டை போச்சினம்.”

மகள் மெதுவாகச் சொன்னாள். “நீங்கள் இதை வாசிக்கேல்ல.”

“வாசிச்சுத்தான் சொல்லுறன்.”

“வாசிக்கேக்க உங்கட குரல் வேற, அம்மா. எனக்குத் தெரியும். உண்மையா என்ன போட்டிருக்கு?”

“அதுதான் போட்டிருக்கு.”

“அப்ப மற்றதுகளும் இப்பிடித்தானோ? நீங்கள் வருவன் எண்டு சொல்லுறதும்?”

அழைப்பு துண்டிக்கப்பட்டது. அக்கா புத்தகத்தை மூடினார். கிளிப்பை எடுத்து, எந்தத் தாளில் இருந்ததோ அதே தாளில் மாட்டினார். புத்தகத்தைக் கொண்டுபோய் என் மேசையில் வைத்தார். என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டவில்லை. குளிர்சாதனப் பெட்டியிலிருந்த அட்டவணை மறுநாள் காணாமல் போயிருந்தது. அதுவரை என்னை ‘நீர்’ என்று அழைத்தவர் ‘நீங்கள்’ என்றார். “நீங்கள் சாப்பிட்டீங்களோ?” என்று விருந்தாளியைக் கேட்பதுபோலக் கேட்டார்.

ஒவ்வொரு மாலையும் எட்டு மணிக்குப் போன் டின்னில் சாய்ந்து நின்றது. மணி அடித்துக்கொண்டே இருக்கும், பிறகு நிற்கும். ஐந்தாவது நாள் வழக்கறிஞரின் அலுவலகத்திலிருந்து குரல் செய்தி வந்தது. மன்றத்தின் முடிவு வந்துவிட்டது, மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறோம், பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள். அக்கா அதை ஒலிபெருக்கியில் கேட்டார். கேட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

எதிரான முடிவு என்றால் மேல்முறையீடு செய்வதற்குக் கெடு உண்டு. நான் நாட்காட்டியில் பென்சிலால் நாட்களைக் குறித்தேன். ஆறு, ஏழு, எட்டு.

“அக்கா, தொறந்து பாக்கணும். நாள் போகுது.”

“போகட்டும்.”

“நான் வேணா பாத்துச் சொல்லவா?”

“நீங்கள் பார்த்துச் சொன்னது போதும்.”

ஒன்பது, பத்து, பதினொன்று. எதற்கும் கடைசிப் பக்கம் பார்க்கிற ஒருவர், கையிலேயே இருந்த கடைசிப் பக்கத்தைத் திறக்காமல் வேலைக்குப் போய் வந்தார், விரிப்புகளை மடித்தார், சோறு வடித்தார். எனக்கு அது பயமாக இருந்தது.

பன்னிரண்டாவது நாள் சனிக்கிழமை. காலையில் வவுனியாவிலிருந்து தங்கை கூப்பிட்டார். சற்று நேரத்தில் அக்கா என் அறை வாசலில் வந்து நின்றார், போனை நீட்டிக்கொண்டு.

“அந்தக் கடைசிப் பக்கத்தில என்ன போட்டிருக்கு எண்டு உண்மையைச் சொன்னால் எடுப்பாளாம். தங்கச்சிட்டச் சொல்லிவிட்டிருக்கிறாள்.” போனை இன்னும் கிட்ட நீட்டினார். “இந்த ஈமெயிலில ஓம் எண்டு இருந்தால் சொல்லுவன். நான் வாறன், இது வெறும் கதை எண்டு சொல்லலாம். இதில இல்லை எண்டு இருந்தால் சொல்லமாட்டன். ரெண்டையும் அந்தப் பிள்ளை தாங்காது. கடைசி வரியைப் பாரும். ஓமோ, இல்லையோ?”

‘பாரும்’ என்றதை நான் கவனித்தேன். மன்னிப்பு என்று அதற்குப் பொருளில்லை. வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

திறந்தேன். முப்பத்தொரு பக்கம். கடைசிக்குப் போனேன். பழைய மறுப்பு செல்லாது, கோப்பு மீண்டும் பரிசீலிக்கக் குடிவரவுத் துறைக்கே திருப்பி அனுப்பப்படுகிறது என்றிருந்தது. இரண்டு தரம் வாசித்தேன். நல்ல செய்தி. ‘ஓம்’ என்று சொல்லலாம். வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் பொய்யும் இல்லை. அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டெழுத்துக்கு மேல் வேண்டாத ஒரு பதில் என் நாக்கு நுனியில் நின்றது.

“ஒரு வார்த்தையில சொல்ல முடியாதுக்கா.”

“அப்ப இல்லையோ?” கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“இல்லைனும் சொல்ல முடியாது. கெட்டது இல்லக்கா. ஆனா ஆமான்னு சொன்னா, பழையபடி உங்கள ஏமாத்தினதா ஆயிடும். உக்காருங்க. மொதல்லேருந்து வாசிக்கிறேன்.”

“எத்தனை பக்கம்?”

“முப்பத்தொண்ணு.”

கதிரையை இழுத்து உட்கார்ந்தார். அந்த முடிவும் என் பட்டியலைப் போலவே எண் போட்டு எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு பத்திக்கும் ஓர் எண். ஒன்று முதல் படித்து, தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். அக்காவின் ஊர், வீடு, கணவனைக் கூட்டிப்போனவர்கள், படகு எல்லாம் அதில் இருந்தன. ‘விண்ணப்பதாரர்’ என்றே கடைசிவரை அழைத்திருந்தார்கள். அக்கா தலையைக் குனிந்து கேட்டார். ஒரே ஒரு இடத்தில் நிறுத்தினார்.

“என்ன வயசு போட்டிருக்கு?”

“பன்னெண்டு.”

“விசாரணைக்குப் போகேக்க பன்னிரண்டு. இப்ப பதினாலு.” கண்ணைத் துடைக்கவில்லை. “சரி, மேல போம்.”

முடிக்க மதியமாகிவிட்டது. அக்கா சொன்னதை மன்றம் நம்பியிருந்தது. இனித் துறை மறுபடி பார்க்கும். எவ்வளவு நாள் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. அதையும் சொன்னேன்.

“அப்ப இது கடைசிப் பக்கமில்லை.”

“இல்லக்கா.”

“நான் சொன்னதை நம்பினவை எண்டு மட்டும் இருக்கு.”

“ஆமாக்கா. அது இருக்கு.”

அக்காவுக்கு ஓமும் கிடைக்கவில்லை, இல்லையும் கிடைக்கவில்லை. மகளிடம் சொல்வாரா மாட்டாரா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. பிறகு எழுந்து என் மேசையிலிருந்து ஏழாவது புத்தகத்தை எடுத்தார். கிளிப்பைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். குரல் செய்திக்கான பொத்தானை அழுத்திப் பிடித்து, விரலை வரிமேல் வைத்து, அந்தத் தட்டையான, அவசரமில்லாத வாசிக்கும் குரலில் மழையிலிருந்து தொடங்கினார். படித்துறை, ஓடக்காரி, நீட்டிய கை. “எந்தக் கரைக்கு?” அங்கே நிறுத்தினார். சேர்த்து எதையும் சொல்லவில்லை. விரலை எடுத்தார். செய்தி போய்விட்டது.

மாலை எட்டு மணிக்கு அவர் கூப்பிடும் முன்பே போன் அடித்தது.

“அந்த அம்மா என்ன பதில் சொன்னவ?” என்றாள் மகள், வணக்கம்கூட இல்லாமல்.

“போடேல்ல. அதோட முடிஞ்சுது.”

“அடுத்த புத்தகத்தில இருக்கோ?”

“தெரியாது, பிள்ளை. எட்டாவது நான் பாக்கேல்ல.”

“பாக்காதேங்கோ. எனக்குத் தெரியாததை நீங்களும் தெரியாமத்தான் வாசிக்கவேணும்.” பிறகு, “மந்திரவாதி இருக்கிறாரோ?” என்றாள்.

“இருப்பார்,” என்றார் அக்கா. அடுப்பைத் தணிப்பதற்காகத் திரும்பிக்கொண்டார். அடுப்பு எரியவில்லை.

அடுத்த வருடம் எனக்குச் சிட்னியில் வேலை கிடைத்தது. பதினாலு புத்தகங்களையும் அக்காவிடம் விட்டுவிட்டு வந்தேன். விமான நிலையம் வரை வந்து வழியனுப்பினார். “போட்டு வாரும்,” என்றார். அந்த அட்டவணையின் கோப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. நான்காவது கட்டத்தின் பூட்டை எடுத்துவிட்டேன். ஏழாவது வரிசையில் என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.

இன்றைய நிலை இது. துறையின் முடிவு வரவில்லை. அக்கா அதே வீட்டில், அதே வேலையில் இருக்கிறார். மகளுக்குப் பதினாறு வயது. அடுத்து எதை வாசிப்பது என்பதை இப்போது அவள்தான் சொல்கிறாள். வீடியோ இன்னும் போடுவதில்லை. பன்னிரண்டு புத்தகங்கள் முடிந்துவிட்டன, இரண்டு மிச்சம். அவையும் முடிந்துவிட்டால் என்ன செய்வது என்று போன வாரம் அக்கா கேட்டு எழுதியிருந்தார். எழுத்தாளர் பதினைந்தாவதை எழுதிக்கொண்டிருக்கிறார் என்று பதில் போட்டேன். போடும் முன் சரிபார்த்தேன்.